சருமம் என்றெழுதிய ஜாடி

கடைக்காரர்களின் பட்டியலில்
‘சருமம்’ என்று ஒரே ஒரு ஜாடி.
திறந்தால் உள்ளே நான்தான்,
ஜனவரி மாதத்து நான்,
வெயில் பார்த்து மூன்று மாதமான துரிங்கியாக்காரி.
மற்றவர்களுக்கெல்லாம் எண்கள்.

பிப்ரவரியில் இல்கா வந்தாள்.
காலணிப் பனியை வாசலில் உதறி
சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி
மேசைமேல் கையை நீட்டினாள்,
ரத்தம் எடுக்கக் கொடுப்பவளைப் போல.
“இங்கிருந்து தொடங்குங்கள்.
இதைவிடக் கறுப்பு, அவர்.
எவ்வளவு என்று தெரியாது.”

அவர் செஃபெரினோ.
மொசாம்பிக்கிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து
ஸூல் நகரத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரம் பூட்டியவர்.
ஒரு நாடு இல்லாமல் போன வருஷம்
ஒப்பந்தமும் இல்லாமல் போக
திருப்பி அனுப்பப்பட்டவர்.
இல்காவுக்கு அப்போது பல் முளைக்கும் பருவம்.
மிச்சம் ஒரு புகைப்படம்,
தொழிற்சாலைப் பலகையிலிருந்து கழற்றியது,
நான்கு மூலையிலும் ஆணித்துளை.
கறுப்பு வெள்ளை.

பீங்கான் கூழ் கூசாமல் பொய் சொல்லும்.
கோப்பையில் சாக்லேட் பாலாக இருந்தது
ஆயிரத்து இருநூறு டிகிரி தாண்டி வரும்போது
அடுப்புச் சாம்பல்.
இரும்பைக் கூட்டினால் செங்கல்.
மாங்கனீசைக் கூட்டினால் ஊதா பாய்ந்து
குளிரில் விறைத்தவன் முகம்.
மஞ்சள் ஒரு சிட்டிகை, அரை, கால்,
தராசு முள் தும்மினால் பறந்துவிடும் அளவு.
ஆறில் ஒரு பங்கு சுருங்கும் தலை,
சுருங்கச் சுருங்க நிறம் உள்ளே போய் உட்காரும்.

இல்காவின் ஒரு கையிலேயே எத்தனை நிறம்!
மணிக்கட்டின் உள்புறம் ஒன்று,
விரல் கணுக்களில் ஒன்று,
முழங்கை மடிப்பில்
யாரோ நிழலைச் சேமித்துவைத்த மாதிரி ஒன்று.
கடிகாரப் பட்டைக்குக் கீழே
இன்னும் எந்தக் கோடையையும் காணாதது.

கன்னத்துக்கு என் வழக்கமான ரோஜாச் சிவப்பு.
பதினேழாம் தலையில் அது அறை வாங்கிய தடமானது.
சூளைக்குப் போகுமுன் துடைத்தேன்.
பிளம் பழத்தோலின் சிவப்பைக் குழைத்து
விரல்நுனியில் தொட்டு
பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு
மீந்ததைப் பூசினேன்.
நாற்பது வருஷமாக நான் பூசியது சிவப்பல்ல,
வெள்ளைமேல் சிவப்பு.

மார்ச்.
முப்பத்து நான்கு தலைகள் ஜன்னல் விளிம்பில்,
கண் இல்லை, முடி இல்லை.
புகைப்படத்தை ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்தாள்.
எல்லாம் பொருந்தியது.
அதுதான் சிக்கல்.
சாம்பல் நிறம் யாரையும் மறுப்பதில்லை.

“உங்கள் அம்மா?” என்றேன்.
“முகத்தைப் பற்றிப் பேச மாட்டாள்.
ஒருமுறை குடித்திருந்தபோது சொன்னாள்:
பேருந்துக் கண்ணாடியில்
உள்ளங்கையைப் பதித்தாராம்.
பாலில் நனைத்த ரொட்டியின் நிறமாம்.
ரேகைகள் மட்டும் காப்பியாம்.”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று
நான் கேட்கவில்லை.

கறுப்பின்மேல் வெளுப்பைத் தீட்ட முடியாது,
எங்கள் வண்ணம் கண்ணாடி மாதிரி, அடியைக் காட்டிக்கொடுக்கும்.
அதனால் ரொட்டி நிறத்திலேயே இரண்டு கைகள் வார்த்தேன்,
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
உள்ளங்கையை விட்டுவிட்டு
புறங்கையில் இருட்டை ஏற்றினேன்,
ஒரு பூச்சு, ஒரு சூடு,
இன்னொரு பூச்சு, இன்னொரு சூடு.
எங்கே நிற்பதென்று தெரியாமல்
ஆறாவதில் நின்றேன்.
ஒற்றைமயிர்த் தூரிகையால் ரேகைகள்.
அவற்றை இல்காவின் கையிலிருந்து திருடினேன்,
சொல்லவில்லை.

தலை வேண்டாம் என்றாள்.
கைகளுக்கு மட்டும் பணம் எண்ணிவைத்தாள்.
இரண்டையும் இடது கையுறைக்குள் போட்டு மடித்து
சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு
பேருந்துக்கு நடந்தாள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நான்கு,
இடக்கை வெறுங்கை.

முப்பத்து நான்கு பேரும் ஜன்னலில்தான் இருக்கிறார்கள்.
பனி உருகியதும் வெளிச்சம் மாறியது,
பன்னிரண்டாமவர் லேசாகச் சிவந்துவிட்டார்,
முப்பதாமவரிடம் நேற்றுவரை இல்லாத ஒரு பச்சை.
நான் அந்த ஜாடியின் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
எண் போடலாமா என்று யோசித்து
கடைசியில் பென்சிலால் எழுதினேன்:
‘கெசீனெ, ஜனவரி.’